எப்ப எடுக்குறீங்க?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில் எனக்கு வேலை. கீழே விற்கிற புடைவைகளைப் படமெடுத்து இணையத்தில் ஏற்ற வேண்டும். படமெடுப்பவர் வேறொருவர். அவருடைய கேமராவிலிருந்து வரும் ஒவ்வொரு படமும் பெரும் பாரமாக இருக்கும். அப்படியே ஏற்றினால் பக்கம் திறக்கத் தாமதமாகும். அதுவரை எந்த வாடிக்கையாளரும் காத்திருக்க மாட்டார். அந்தப் பாரத்தைக் குறைப்பதுதான் என் பங்கு. ஜரிகையின் மினுக்கம் போகக்கூடாது, மயில்கழுத்து நிறம் வெறும் நீலமாகிவிடக்கூடாது, ஆனாலும் படம் கண் இமைப்பதற்குள் திறக்க வேண்டும். சொல்லக் கேட்டால் சுலபமாக இருக்கும். செய்து பார்த்தால்தான் தெரியும்.

அப்பா போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டியவர். சின்னது என்பதற்கு அவர் வாயில் ‘கெச்சில்’ என்ற மலாய்ச் சொல்தான் வரும். “யூனிவர்சிட்டி வரைக்கும் போயி படத்த கெச்சில் பண்ணப் படிச்சிட்டு வந்திருக்கா என் மக. நான் பெருசு பெருசா இழுத்தேன், இவ கெச்சில் கெச்சிலா ஆக்குறா” என்று கிள்ளானில் எங்கள் தெருமுனைக் கடையில் எல்லாரிடமும் சொல்வார். கிண்டல்தான். ஆனால் சொல்லிவிட்டு, கேட்டவர் முகத்தில் மரியாதை தெரிகிறதா என்று பார்ப்பார். எங்கள் குடும்பத்தில் ஆரம்பப் பள்ளிக்கு மேல் போன முதல் ஆள் நான். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் போட வரும். இதை நான் யாரிடமும் தலையைக் குனிந்துகொண்டு சொன்னதில்லை. நான் படித்ததை எதற்காகக் குனிந்து சொல்ல வேண்டும்?

அப்பாவுக்கு மறதி வந்தது மெல்ல மெல்ல. முதலில் சாவி, பிறகு வழி, பிறகு ஆட்கள். ஒருநாள் என்னைத் தன் தங்கை பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். இன்னொரு நாள் அம்மாவிடம், “ஏம்மா, உங்க வீட்டுக்காரர் வர நேரமாகுமா?” என்று கேட்டார். அன்றிலிருந்து அம்மா முன்வாசல் கிரில்லைப் பூட்டியே வைத்தாள். மருத்துவமனையில் மாத்திரை கொடுத்தார்கள். அது தூக்கத்துக்கு உதவியது, ஞாபகத்துக்கு உதவவில்லை.

அவர் காணாமல் போன அன்று காலையில் கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவனுக்காக அம்மா கிரில்லைத் திறந்தாள். காலித் தோம்பை எடுத்துக் கொடுக்க அவள் சமையலறைக்குப் போய்த் திரும்புவதற்குள் அப்பா வெளியேறிவிட்டார். காலில் வேலைக்குப் போட்டுப் போகிற சப்பாத்தைப் போட்டிருந்தார். துறைமுகத்துக்கு நேரமாகிவிட்டது என்று நினைத்திருப்பார்.

அம்மா எனக்கு போன் செய்தபோது என் திரையில் ஒரு பட்டுப்புடைவைப் படம் பாதி சுருங்கிய நிலையில் இருந்தது. நான் அதை மூடிவிட்டு அறிவிப்பு தயாரிக்க உட்கார்ந்தேன். படம் வேண்டும். அம்மாவின் போனில் இருந்தவை எல்லாம் அப்பா தூங்குகிற படங்கள், அல்லது முகம் பாதி வெளியே போன படங்கள். கணினியில் தெளிவாக இருந்தது ஒன்றுதான்: என் பட்டமளிப்பு விழாவில் எடுத்தது. வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. எனக்கு வாங்கி வந்த பூங்கொத்தை, நான் அங்கியைச் சரிசெய்யும்வரை, தன் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். பக்கத்தில் நின்றிருந்த என்னையும் அம்மாவையும் வெட்டிவிட்டு அப்பாவை மட்டும் வைத்துக்கொண்டேன்.

போலீசில் புகார் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்த மாமா, அம்மாவின் தம்பி, நான் அனுப்பிய அறிவிப்பைப் பார்த்துவிட்டு, மடிக்கணினியோடு வீட்டுக்கு ரயிலில் வந்துகொண்டிருந்த என்னைப் போனில் பிடித்தார். அவர் கோயில் கமிட்டியில் இருக்கிறார். கிள்ளானிலிருந்து ரவாங் வரைக்கும் அவர் போனில் எத்தனை வாட்ஸ்அப் குழு இருக்கிறது என்று அவருக்கே தெரியாது.

“எழுத்தெல்லாம் ஏம்மா கறுப்புல போட்டிருக்க? சிவப்புல போடு.”

“சிவப்பு எழுத்து சுருக்குனா கலங்கிரும் மாமா. கறுப்புதான் நிக்கும்.”

“கறுப்புல போட்டா சாவு நோட்டீசு மாதிரி இருக்கும்மா. சிவப்பு போடு, பளிச்சுன்னு கண்ணுல படணும்.”

நான் சிவப்பு ஆக்கினேன். ‘காணவில்லை’ என்று மேலே பெரிதாக. கீழே அடையாளங்கள், எங்கள் தொலைபேசி எண். அனுப்பிய கொஞ்ச நேரத்தில் மறுபடி போன்.

“ரொம்பப் பெருசா இருக்குதேம்மா. சுத்திக்கிட்டே இருக்கு, திறக்க மாட்டேங்குது. பெருசுங்க போன்ல எல்லாம் ஸ்டோரேஜ் ஃபுல்லு. கெச்சில் பண்ணி அனுப்புலா.”

சுருக்கி அனுப்பினேன். எவ்வளவு சுருக்கலாம் என்பது எனக்குத் தெரியும். நான் அனுப்பிய அளவில் ஒவ்வொரு எழுத்தும் படிக்கத் தெரிந்தது. அந்தக் கோப்பு இன்னமும் என்னிடம் இருக்கிறது, யார் கேட்டாலும் காட்டுவேன். அதற்குப் பிறகு நடந்தது என் கையில் இல்லை. மாமா அதைத் திறந்து, போன் திரையை அப்படியே படமெடுத்து, கோயில் அறிவிப்புகளுக்கு வைத்திருக்கும் சட்டத்துக்குள் பொருத்திவிட்டார். அந்தச் சட்டத்தில் மேலே ஓம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. கும்பாபிஷேகமோ அன்னதானமோ, அவர் எதை அனுப்பினாலும் அதற்குள் வைத்துத்தான் அனுப்புவார். சாமி கூட இருந்தால் ஆள் சீக்கிரம் கிடைப்பார் என்று நம்பினார்.

படத்தைச் சுருக்கும்போது எது முதலில் போகும் என்று எனக்குத் தெரியும். மெல்லிய கோடுகள் போகும். தமிழில் புள்ளிகள் போகும், சுழிகள் அடைபடும். சிவப்பு பக்கத்தில் இருக்கும் நிறத்தோடு கசிந்துவிடும். முகம் மட்டும் கடைசிவரை நிற்கும். ஒவ்வொரு குழுவிலும் யாரோ ஒருவர் அதை மறுபடி திரையோடு படமெடுத்து இன்னொரு குழுவுக்குப் போட்டார்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போனது.

மதியத்துக்கு மேல் என் போனுக்குக் கூப்பிய கைகள் வர ஆரம்பித்தன. வரிசையாகக் கூப்பிய கைகள், யார் யாரோ அனுப்பியவை. இத்தனை பேர் அப்பாவுக்காக வேண்டிக்கொள்கிறார்களே என்று அம்மாவிடம் காட்டினேன். அம்மாவும் திரையைப் பார்த்துத் திருப்பிக் கும்பிட்டாள்.

பிறகு ரவாங்கிலிருந்து ஒரு ஆன்டி கூப்பிட்டார். அப்பாவோடு லோரி ஓட்டியவரின் மனைவி. குரல் தழுதழுத்தது.

“எப்பம்மா எடுக்குறீங்க?”

“கான்வோக்கேஷன்ல எடுத்தது ஆன்டி.”



“என்னம்மா சொல்ற? பாடிய எப்ப எடுக்குறீங்கன்னு கேக்குறேன். அங்கிள் லீவு போடணும்ல.”

எனக்குப் புரிய இன்னும் ஒரு கணம் ஆயிற்று. “எந்த பாடி ஆன்டி?” என்று கேட்டேன்.

“ஐயோ, புள்ளைக்கு மூளை கலங்கிருச்சு போல இருக்கே” என்று அவர் தன் வீட்டில் யாரிடமோ சொல்வது கேட்டது.

அவருக்கு வந்த படத்தை எனக்கு அனுப்பச் சொன்னேன். வந்தது. மேலே ஓம். இரண்டு பக்கமும் விளக்கு. நடுவில் அப்பாவின் முகம், சிரித்த மாதிரியும் இல்லாமல் சிரிக்காத மாதிரியும். பூங்கொத்தின் இதழ்கள் ஒன்றோடொன்று கரைந்து நெஞ்சின் குறுக்கே மாலையாகக் கிடந்தன. மேலே சிவப்பாக ஏதோ ஒரு தீற்றல், பொட்டுத் தேய்த்த மாதிரி. கீழே சாம்பலாகச் சில வரிகள். அவை எழுத்து என்று தெரிந்தது; என்ன எழுத்து என்று தெரியவில்லை. தமிழ் படிக்கத் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் அது ஒன்றையே சொன்னது. நானே வேறு வீட்டுப் பெண்ணாக இருந்தால் கைகூப்பித்தான் இருப்பேன்.

சாயங்காலத்துக்குள் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். எங்கள் பக்கத்தில் சாவுக்கு யாரும் அழைப்புக்குக் காத்திருக்க மாட்டார்கள். தகவல் தெரிந்தால் போய்விட வேண்டும், இல்லையென்றால் காலத்துக்கும் பேச்சு. செமினியிலிருந்து வேன் எடுத்துக்கொண்டு ஒரு குடும்பம் வந்தது. வந்தவர்கள் வாசலில் நின்று கண்ணைத் துடைத்தார்கள். சாகவில்லை என்று சொன்னதும், நம்புவதா வேண்டாமா என்று தெரியாமல் அங்கேயே நின்றார்கள். பக்கத்து வீட்டு அக்கா தன் வீட்டு விசேஷத்துக்கு வாங்கிய சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டு வந்து போட்டார்.

“நாற்காலி போடாதீங்க” என்றாள் அம்மா. “சாவு வூடு மாதிரி இருக்கு.”

“வர்றவங்க நிக்கிறாங்களேக்கா. வயசானவங்க. எவ்வளவு நேரம் நிப்பாங்க?”

அம்மா உள்ளே போய் முகத்தைக் கழுவினாள். எப்போதும் வைப்பதைவிடப் பெரிதாகக் குங்குமம் வைத்துக்கொண்டு, தாலியை எடுத்துச் சேலைக்கு மேலே வெளியே போட்டுக்கொண்டு, வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள். யாரிடமும் எதுவும் விளக்கவில்லை. பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்பது போல உட்கார்ந்திருந்தாள்.

மாமா ஓரமாக நின்று எல்லாரிடமும், “மறதி கேஸ்லா, மறதி கேஸ்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் பக்கம் அவர் பார்க்கவில்லை. நானும் அவரைத் திட்டவில்லை. திட்டினால் அழுதுவிடுவார் போலிருந்தது.

நான் இரண்டாவது தகவலை எழுதினேன். இந்த முறை படத்துக்குள் எழுதவில்லை. எழுத்தை எழுத்தாகவே அனுப்பினால் அது எத்தனை கை மாறினாலும் சுருங்காது. ‘எங்கள் அப்பா சாகவில்லை. ஞாபக மறதியில் வீட்டை விட்டுப் போய்விட்டார். தேடிக்கொண்டிருக்கிறோம். பார்த்தால் உடனே கூப்பிடுங்கள்.’ தொலைபேசி எண், கீழே முகம் மட்டும் தெரிகிற படம். ஆனால் அது அவ்வளவு தூரம் போகவில்லை. பலர் அதைப் படிக்கவே இல்லை. முதல் படத்துக்கு வந்த கூப்பிய கைகளே அதற்கும் வந்தன. ஒருவர் எழுதியிருந்தார்: ‘தைரியமாக இருங்கள் தங்கச்சி, ஏற்றுக்கொள்ளச் சில நாள் ஆகும்.’ வேலை செய்கிற இடத்திலிருந்து பூச்செலவுக்கு எவ்வளவு போடலாம் என்று பேசிக்கொண்டிருந்த குழுவில் தவறுதலாக என்னையும் சேர்த்துவிட்டு, உடனே நீக்கினார்கள்.

இதில் என்னை வாட்டியது அவமானம் அல்ல. யாரும் தேடவில்லை என்பதுதான். செத்தவரை யார் தேடுவார்கள்? கிள்ளான் முழுக்கவும் கோலாலம்பூர் பாதியும் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டது. பார்த்தவர்கள் ஒவ்வொருவரும் அவரைத் தங்கள் மனதில் அடக்கம் செய்துவிட்டு அடுத்த தகவலுக்குப் போய்விட்டார்கள். அவர் எதிரே வந்து நின்றாலும் விலகித்தான் போவார்கள்.

மறுநாள் மதியம் சுங்கை பூலோவிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். ரயில் நிலையத்துக்கு வெளியே வடையும் கறிப்பாப்பும் விற்பவர்.

“தங்கச்சி, உங்க மெசேஜ் இப்பதான் பாத்தேன். கடையக் கட்டிட்டு உக்காந்து பாத்தேன். என்னைத் திட்டாதம்மா.”

“சொல்லுங்கக்கா.”

“காலையில அவரு இங்கதாம்மா இருந்தாரு. பெஞ்சுல உக்காந்திருந்தாரு. பசியா இருக்குன்னு நெனைச்சு வடை குடுத்தேன். மூஞ்சப் பாத்ததும் எனக்குப் பகீர்னு ஆயிருச்சு. நேத்துதான் குரூப்புல அந்தப் படம் வந்துச்சு, கிள்ளான்ல லோரிக்கார அண்ணே ஒருத்தர் தவறிட்டாருன்னு. அதே மூஞ்சி. தம்பியா இருக்கும்னு நெனைச்சிட்டேன்மா. தகவல் தெரியாம உக்காந்திருக்காரேன்னு...”

“அப்புறம்?”

“போன எடுத்துக் காட்டுனேன். ‘அண்ணே, இவரு உங்களுக்குச் சொந்தமா’ன்னு கேட்டேன்.”

“அவரு என்ன சொன்னாரு?”

“ரொம்ப நேரம் பாத்தாருமா. அப்புறம் கையெடுத்துக் கும்பிட்டாரு. ‘பாவம், தெரிஞ்ச மூஞ்சியா இருக்கு. எங்க வீடு?’ன்னாரு. கிள்ளான்னு சொன்னேன். ‘போயி தலையக் காட்டிட்டு வந்துரணும்’னு எழுந்துட்டாரு. நானே டிக்கெட் எடுத்துக் குடுத்து ரயில் ஏத்தி விட்டேன். நல்லதுதான் செய்யுறோம்னு நெனைச்சேன் தங்கச்சி.”

அவர் அழுதார். திட்டவில்லை என்று சொன்னேன். நன்றி சொன்னேனா என்று நினைவில்லை.

மாமாவும் நானும் கிள்ளான் நிலையத்துக்கு ஓடினோம். சுங்கை பூலோவிலிருந்து வருகிற ரயில் மாறாமல் நேரே கிள்ளானுக்கு வரும். ஆனால் அவர் ஏறியது காலையில். வந்து இறங்கியிருந்தால் எப்போதோ இறங்கியிருப்பார். இறங்க மறந்திருந்தால் துறைமுகம்வரை போயிருப்பார். மாமா ஒவ்வொரு பெட்டியாக எட்டிப் பார்த்தார். பாதுகாவலரிடம் படத்தைக் காட்டினேன். அவர் தன் போனை எடுத்து, இதே ஆள் படம் தனக்கும் வந்ததாகச் சொல்லி, வருத்தத்தோடு தலையசைத்தார்.

அப்போது அம்மா கூப்பிட்டாள். குரலில் ஒரு அசைவும் இல்லை.

“வூட்டுக்கு வா. ஓடி வராத. வந்து பேசாம நில்லு.”

வீட்டுக்கு வெளியே, கால்வாய் ஓரமாகப் போட்டிருந்த கடைசி நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். சட்டையில் அழுக்கு, சப்பாத்தில் காய்ந்த சேறு. இரண்டு கைகளையும் தொடைமேல் வைத்து, துக்க வீட்டில் உட்காருகிற மாதிரி, கொஞ்சம் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். ரயிலடியிலிருந்து எங்கள் தாமான் குடியிருப்புவரை எப்படி வந்தார் என்று இன்றுவரை தெரியாது. தெருமுனைக் கடையில் புதிதாகச் சேர்ந்த வங்காளதேசத்துப் பையனிடம் சாவு வீடு எது என்று மலாயில் கேட்டிருக்கிறார். அவன் நாற்காலி போட்ட வீட்டைக் காட்டியிருக்கிறான்.

வந்திருந்த உறவினர் இரண்டு மூன்று பேர் எழுந்து சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. அம்மா அவர்களைப் பார்த்த பார்வை அப்படி.

அப்பா அம்மாவின் நெற்றியைப் பார்த்தார். “ஏம்மா, நீங்க அவரோட தங்கச்சியா? வீட்டுக்காரம்மா எங்க?”

“உள்ள இருக்கா” என்றாள் அம்மா.

“இன்னும் ஆஸ்பத்திரியிலேருந்து கொண்டாரலியா?”

“வந்தாச்சு.”

அவர் தலையசைத்தார். மாமா தாங்க முடியாமல், “மச்சான், உள்ள வாங்க மச்சான்” என்று அவர் கையைப் பிடித்தார். அப்பா சட்டென்று கையை உதறிக்கொண்டார்.

“எனக்கு நேரமாச்சு. நான் போயிக் குளிக்கணும். என் பொஞ்சாதி குளிக்காம வாசப்படி ஏறவே வுடமாட்டா.” எழுந்து தெருப்பக்கம் நடக்க ஆரம்பித்தார்.

மாமா பின்னால் ஓடப் பார்த்தார். அம்மா அவரைத் தடுத்தாள். அவளே செருப்பை மாட்டிக்கொண்டு அப்பாவின் பக்கத்தில் போய், “நானும் அந்தப் பக்கந்தான் போறேன், வாங்க” என்றாள். இரண்டு பேரும் தெரு முனைவரை போய், திரும்பி, வீடுகளுக்குப் பின்னால் இருக்கிற சந்துக்குள் நுழைவதைப் பார்த்தேன். நான் வீட்டுக்குள் ஓடிச் சமையலறைப் பின்கதவின் பூட்டைத் திறந்துவிட்டு, இருட்டான மூலையில் நின்றுகொண்டேன்.

பின்பக்கக் குழாயடியில் தண்ணீர் வாளியில் விழும் சத்தம் கேட்டது.

“தள்ளி நில்லு, தீட்டு. தலையில ஊத்து மொதல்ல.” அது அப்பாவின் பழைய குரல். அம்மாவிடம் மட்டும் பேசுகிற குரல்.

அம்மா தண்ணீர் ஊற்றினாள். ஒரு வாளி தீர்ந்து இன்னொரு வாளி நிரம்பியது. பிறகு, சாவுக்குப் போய் வந்த புருஷனிடம் எந்த மனைவியும் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

“யாரு தவறுனது?”

“தெரியல. லோரி ஓட்டுன ஆளாம். நம்ம வயசுதான் இருக்கும்.” அவர் முகத்திலிருந்து தண்ணீரை வழித்துவிடுவது கேட்டது. “கூட்டமே இல்ல, பாவம். ஒரு பொண்ணு நின்னுச்சு. மகளா இருக்கும். படிச்ச புள்ள மாதிரி இருந்துச்சு. அழவே இல்ல.”